திரைக்குப் பின்னால் ஒரு குரல்

பங்கு என்றதும் நம் நினைவுக்கு வருவோர் யாவர்? பங்குத் தந்தை வருவார், உபதேசியார் வருவார், மணியடித்து விளக்கேற்றும் கோவில்பிள்ளை வருவார், திருவிழாக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்களும் வருவர். இவர்களோடு வைத்து எண்ணப்பட வேண்டிய இன்னொருவர் ஏறக்குறைய எல்லாப் பங்குகளிலும் உண்டு. ஞாயிறு திருப்பலிக்கு எப்பாடலைப் பாடுவது, கிறிஸ்து பிறப்புக்குக் குடிலை எங்கே அமைப்பது, மறைக்கல்வி மாணவரின் ஆண்டு விழாவில் எந்த நாடகத்தை நடிப்பது, தவக்காலத்துப் பாஸ்காவில் எவர் எந்த வேடம் தாங்குவது என்பனவற்றையெல்லாம் தம் தோள்மேல் சுமப்பவர் அவர். சில பங்குகளில் அவரைப் பாடகர் தலைவர் என்பர். சிலவற்றில் நாடக வாத்தியார் என்பர். ஈழத்துக் கத்தோலிக்க ஊர்களில் அண்ணாவியார் என்பர். எமது பங்கில் அவருக்குப் பாட்டு வாத்தியார் என்று பெயர்.

ஊரார் அனைவரும் அவரை அறிவர். எனினும், தேவை வரும்போது தேடுவதும், விழா முடிந்ததும் மறப்பதுமாகவே அந்த அறிமுகம் நின்றுவிடுகிறது. அவரோடு சில ஆண்டுகள் நெருங்கிப் பழகும் பேறு நமக்கு வாய்த்தது. நாம் கண்டதையும் கேட்டதையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொண்டால், அவரவர் பங்கிலே இதே பணியைச் செய்துவருபவரை ஒருமுறை நின்று பார்க்கும் எண்ணம் பிறக்கலாம் என்பதே இதனை எழுதும் நோக்கம். தம் பெயரை எழுத வேண்டா என்று அவர் கேட்டுக்கொண்டார். அவ்விருப்பத்தை மதித்து அவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் விடுத்திருக்கிறோம்.

வைகை பாய்ந்தும் வறண்டு கிடக்கும் நிலப்பகுதியில் அமைந்தது எமது பங்கு. பணிமாற்றத்தால் 2017ஆம் ஆண்டில் நாம் இவ்வூருக்கு வந்து குடியேறினோம். வாத்தியார் வீட்டுக்கும் நாம் குடியிருக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மூவேளைச் செபமணி ஒலித்து ஓய்ந்ததும் அவர் வீட்டிலிருந்து ஆர்மோனிய ஓசை எழும். வேலிக்கு இப்பால் நின்று நாம் கேட்டுக்கொண்டிருப்போம். ஆயினும் அவரோடு உண்மையாகப் பேசத் தொடங்கியது 2020ஆம் ஆண்டுத் தவக்காலத்தில்தான்.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. கோவில் கதவுகள் அடைபட்டன. குருத்தோலை இல்லாத குருத்து ஞாயிறும், பவனி இல்லாத பெரிய வெள்ளியும், மக்கள் இல்லாத உயிர்ப்புத் திருவிழிப்பும் நடந்தேறின. பாஸ்காவுக்கு ஒத்திகை முடிந்து, அரிதாரப் பெட்டியும் திறந்து வைத்தாகிவிட்டது, நாடகமோ நடைபெறவில்லை. வாத்தியாருக்குக் கண்புரை அறுவைக்குக் குறித்திருந்த நாளும் தள்ளிப்போயிற்று. இந்நிலையில் ஒரு மாலை வேலிக்கு அப்பாலிருந்து, "தம்பி, உமக்குக் கண் நன்றாகத் தெரியுமல்லவா? இதைக் கொஞ்சம் வாசித்துக் காட்டுவீரா?" என்று ஒரு நோட்டை நீட்டினார்.

அதுபோன்ற நோட்டுகள் அவரிடம் 11 இருந்தன. அவற்றுள் மிகப் பழையது, உபதேசியாராயிருந்த அவருடைய தந்தையார் 1961இல் எழுதத் தொடங்கியது. பாஸ்கா நாடகத்தின் வசனங்கள், இடையிடையே வரும் விருத்தங்கள், வியாகுலத் தாயின் புலம்பல், அந்தந்த ஆண்டில் எவர் எந்த வேடம் தாங்கினார் என்னும் பட்டியல் ஆகிய அனைத்தும் அவற்றில் இருந்தன. ஓரங்களைச் செல் அரித்திருந்தது, மை மங்கியிருந்தது. அவற்றைப் புதிதாகப் படியெடுக்க அவர் விரும்பினார். நாம் எமது திண்ணையிலிருந்து உரக்க வாசிப்போம்; எழுத்து மறைந்த இடங்களை அவர் தம் நினைவிலிருந்து நிரப்புவார்; அவருடைய பேத்தி புதிய நோட்டில் எழுதுவாள். இவ்வாறு நாள்தோறும் ஒரு மணி நேரம், ஏறக்குறைய மூன்று திங்கள் கழிந்தன. ஒரு மனிதரை அறிந்துகொள்ள இதைவிட நல்ல வழி உண்டோ எனின், நாம் அறிந்தவரை இல்லை.

வாத்தியார் பிறந்தது 1950இல். சிறுவயதில் பூசைக்கு உதவும்போது இலத்தீன் மறுமொழிகளைப் பொருள் அறியாமலே மனப்பாடமாய்ச் சொன்னவர் அவர். குருவானவர் பீடத்தை நோக்கி இலத்தீனில் பூசை செய்ய, மக்கள் தமக்குத் தெரிந்த செபமாலையைச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டபோது அவருக்கு வயது 13. அதனைத் தொடர்ந்து படிப்படியாகப் பூசை தமிழுக்கு வந்தது. "அதுவரை கோவிலில் வாயே திறக்காத எங்கள் அப்பத்தா, தமிழில் பாட்டு வந்ததும் எல்லாரையும் முந்திக்கொண்டு பாடினார்கள். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் அவர்கள் பூசை கண்டார்கள் என்று எனக்குப் பட்டது," என்று அவர் ஒருநாள் கூறினார். ஆசிரியப் பயிற்சி முடித்துத் தொடக்கப்பள்ளியில் பணி செய்தவாறே, நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடி ஓய்ந்திருந்த ஒரு முதியவரிடம் அவர் இசை பயின்றார். அம்முதியவர் கிறிஸ்தவர் அல்லர். கற்பித்ததற்குக் கூலியாக, திருவிழா நாளில் ஒரு வேளைச் சாப்பாடு போதும் என்றாராம்.

அந்த அப்பத்தாவின் குரல் வாத்தியாருடைய பணி முழுவதிலும் நிற்கிறது எனலாம். பாடற்குழுவிலுள்ள இளைஞர்கள் பாடலை உயர்ந்த சுருதியில் எடுக்க விரும்புவர். வாத்தியாரோ ஒரு கட்டை, இரண்டு கட்டைக்கு மேல் போக விடமாட்டார். "முன்வரிசைப் பாட்டிமார் வாய் அசைகிறதா என்று பார். அசையவில்லை என்றால் நீ பாடுவது கச்சேரி, பூசைப் பாட்டு அன்று," என்பார். புதிய பாடல் திங்களுக்கு ஒன்றுதான். அதனையும் திருப்பலி தொடங்குமுன் பத்து நிமிடம் மக்கள் அனைவருக்கும் சொல்லிக்கொடுத்த பின்னரே பாடுவிப்பார். பாடகர் குழுக்களைப் பேணி வளர்க்க வேண்டும் என்று கூறும் அதே சங்க ஏடு, இறைமக்கள் கூட்டம் முழுவதும் தனக்குரிய பங்கை ஆற்றுமாறு மேய்ப்பர்கள் கருத்தாய் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரப்பட வேண்டும் என்பதும் அதன் அறிவுரையே. இதனை நாம் எடுத்துச் சொன்னபோது, "அப்படியா எழுதியிருக்கிறார்கள்? நல்லது," என்று மட்டும் கூறி அடுத்த பக்கத்தை வாசிக்கச் சொன்னார்.

குடில் அமைப்பதிலும் அவருக்கு இதே கொள்கைதான். 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் தூய பிரான்சிஸ் அசிசியார், இத்தாலி நாட்டுக் கிரேச்சோ என்னும் சிற்றூரில், வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பெத்லகேமை அவ்வூர் மக்கள் கண்முன் நிறுத்தினார். தம் சொந்த ஊரிலேயே ஆண்டவர் பிறந்ததாக அம்மக்கள் உணரவேண்டும் என்பதே அப்புனிதரின் எண்ணம். அந்நிகழ்ச்சியின் 800ஆம் ஆண்டு 2023இல் நிறைவுற்றது. எமது பங்கின் குடிலில் கடையில் வாங்கிய பொருள்கள் மிகச் சிலவே. ஒவ்வொரு தெருப் பிள்ளைகளும் தம் தெருவிலுள்ள ஏதேனும் ஒன்றைக் களிமண்ணில் செய்து கொண்டுவர வேண்டும். ஆகையால் இடையர்களுக்கு அருகில் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியும், நியாய விலைக் கடையும், பேருந்து நிற்கும் புளியமரமும் காணப்படும். எந்தப் பிள்ளை செய்ததையும் அவர் ஒதுக்கமாட்டார். சாய்ந்து விழும் வீடுகளுக்குப் பின்னால் ஒரு கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்திவிடுவார்.

இனி, பாஸ்காவுக்கு வருவோம். ஆண்டவரின் பாடுகளை நாடகமாக நடிக்கும் வழக்கம் உலகெங்கும் உள்ளது. செர்மனி நாட்டு ஓபரம்மர்காவ் என்னும் மலையூர் மக்கள், 1633இல் கொள்ளைநோய் தம்மை வாட்டியபோது செய்த நேர்ச்சைக்கு இணங்க, 1634 முதல் பாடுகளின் நாடகத்தை நடித்து வருகின்றனர். பத்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் அந்நாடகம், 2020இல் நடக்க வேண்டியது நோய்த்தொற்றால் தள்ளிப்போய், 2022இல் 42ஆம் முறையாக நடந்தேறியது. அவ்வூரில் பிறந்தவர்களும், அங்கே 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்களுமே அதில் நடிக்கலாம். நம் பகுதியிலே, 1894இல் எழுப்பப்பட்ட இடைக்காட்டூர் இயேசுவின் திரு இருதய ஆலயம் பாஸ்காவுக்குப் பெயர்பெற்றது. அதன் புகழைக் கேட்டு வளர்ந்த சிற்றூர்களுள் ஒன்றே எமது ஊரும். இங்கே மேடை பெரிதன்று, விளக்குகள் மிகுதியல்ல. சிலுவை இலவ மரத்தால் ஆனது; தாடி சணலால் ஆனது; குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் அதுவே ஆண்டவரின் திரு இரத்தத்துக்கு அடையாளம். இருந்தபோதிலும், பெரிய வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை இரவு, பத்து மைல் சுற்றிலுமுள்ள மக்கள் சமயவேறுபாடின்றிப் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கின்றனர்.

நோட்டுகளை வாசித்து வரும்போது வேடப் பட்டியல்களில் ஒன்றை நாம் கவனித்தோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவருடைய தெருவும் குறிக்கப்பட்டிருந்தது. 1961 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஆண்டவர் வேடமும் அருளப்பர் வேடமும் தேவமாதா வேடமும் கோவில் தெருவினருக்கே உரியனவாய் இருந்தன. கால்வாய்த் தெருவினர் பெயர்கள் சேவகர், கூட்டத்தார், சிலுவையில் அறையப்படும் கள்வர் என்னும் இடங்களில் மட்டுமே காணப்பட்டன. சாதி என்னும் சொல் அந்நோட்டுகளில் ஓரிடத்திலும் இல்லை. ஆயினும் பக்கத்துக்குப் பக்கம் அதுவே எழுதப்பட்டிருந்தது. பின்னர் 1994, 1995 என ஆண்டு குறித்த இரு பக்கங்கள் வந்தன. அவற்றில் "நடைபெறவில்லை" என்ற ஒரே சொல்தான் இருந்தது. 1996ஆம் ஆண்டுப் பட்டியலில் ஆண்டவர் வேடத்துக்கு எதிரே கால்வாய்த் தெரு என்று எழுதப்பட்டிருந்தது.

வாசிப்பதை நிறுத்திவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் கூறினார்.

கோவில் தெருவில் பிறந்தவர்தாம் வாத்தியாரும். தந்தையார் மறைந்தபின் பாஸ்காவின் பொறுப்பு அவரிடம் வந்தது. கால்வாய்த் தெருவில் நல்ல குரல்வளம் படைத்த இளைஞன் ஒருவன் இருந்தான். ஆண்டுதோறும் அவன் கள்வனாகவே நின்றான். ஒருநாள் ஒத்திகை முடிந்தபின் அவன், "ஐயா, நான் எத்தனை வருடம் நடித்தாலும் வலப்பக்கத்துக் கள்வன்தானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டானாம். அச்சிரிப்பு வாத்தியாரை உறங்கவிடவில்லை. 1994ஆம் ஆண்டுத் தவக்காலத் தொடக்கத்தில், தெருவைப் பார்த்து வேடம் கொடுப்பதாயின் தாம் பாடம் சொல்லித்தரப் போவதில்லை என்று பெரியவர்களிடம் கூறினார். அப்போதைய பங்குத் தந்தை அவருக்குத் துணை நின்றார். ஆனால் எவரையும் கட்டாயப்படுத்த விரும்பவில்லை. நாடகம் நின்றது. ஊரின் பழம்பெருமையைக் கெடுத்தவர் என்று வாத்தியாரைப் பழித்தனர். அவருடைய தங்கை மகளின் திருமணத்துக்குச் சொந்தத் தெருவினரே பலர் வரவில்லை. "பந்தியில் இலை போட்டபடியே கிடந்தது, தம்பி. என் தங்கை அழுததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. எனக்குச் சரி என்று பட்டதற்கு அவள் விலை கொடுத்தாள்," என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் வெற்றிப் பெருமிதம் சிறிதும் இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவரே ஒரு வழி கண்டார். மேடையின் திரையை இறக்கிவிடுவது. ஆண்டவர் வேடம் தாங்க விரும்புவோர் எத்தெருவினராயினும் திரைக்குப் பின்னால் நின்று கெத்சமனித் தோட்டத்துச் செபத்தைச் சொல்வது. இரு தெருக்களையும் சேர்ந்த ஐந்து பெரியவர்கள் திரைக்கு முன்னால் அமர்ந்து குரலை மட்டும் கேட்டுத் தேர்வது. இதுவே அந்த வழி. சிற்றூரில் குரலைக் கேட்டால் ஆளைத் தெரியாதா என்று நாம் கேட்டோம். அவர் சிரித்தார். "தெரியாமலா இருக்கும்? எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் முகம் முன்னால் இல்லை பாரும். கேட்ட குரலை நன்றாயில்லை என்று சொல்ல அவர்களுக்கு நா வரவில்லை," என்றார்.

1996இல் அந்த இளைஞனே ஆண்டவராக நடித்தான். சிலர் நடிக்க மறுத்து விலகினர். அவ்வேளையில், மூன்று தலைமுறையாக ஆண்டவர் வேடம் தாங்கிய குடும்பத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் ஒத்திகைக்கு வந்து, வசனம் இல்லாத வேடம் ஏதாவது தாரும் என்றார். சீரேனே ஊர் சீமோன் வேடம் ஒன்றே எஞ்சியிருந்தது. அன்றிரவு அம்முதியவர், கால்வாய்த் தெரு இளைஞனின் தோளிலிருந்த சிலுவையின் மறுமுனையைத் தம் தோளில் வாங்கிக்கொண்டு ஊரார் முன்னால் நடந்தார். மனம் மாறித்தான் வந்தாரா என்று நாம் வினவியதற்கு வாத்தியார் சொன்ன விடை இன்றும் எம் நெஞ்சில் நிற்கிறது: "நான் கேட்கவில்லை. சீமோனையும் யாரும் கேட்கவில்லையே! பிடித்திழுத்துத்தானே சுமக்க வைத்தார்கள்." அச்சீமோனை அலெக்சாந்தர், ரூபு என்பவர்களின் தந்தை என்று மாற்கு நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். கட்டாயத்தின் பேரில் சிலுவை சுமந்தவரின் மக்கள், பின்னர் இறைமக்கள் நடுவே பெயர் சொன்னால் தெரியும் அளவுக்கு அறிமுகமானவராய் இருந்தனர் என்றே இதனால் கருதத் தோன்றுகிறது.

அதன்பின் தேவமாதா வேடமும் மாறியது. மீசை மழித்த ஆடவர் ஒருவரே அதுவரை மாதாவாக நடித்து வந்தார். இப்போது ஊர்ப் பெண்கள் நடிக்கின்றனர். இதற்கும் முணுமுணுப்பு எழாமல் இல்லை. ஓபரம்மர்காவிலும், மணமான பெண்களும் 35 வயது கடந்த பெண்களும் நடிக்கலாகாது என்னும் விதி 1990ஆம் ஆண்டில்தான், அதுவும் நீதிமன்றத் தீர்ப்பினால், நீங்கியது. ஆகவே, எவருக்கு எந்த இடம் என்னும் வழக்கு நமது ஊருக்கு மட்டும் உரியதன்று.

2023ஆம் ஆண்டில் வேறொரு வினா எழுந்தது. வெளிநாட்டில் வேலை செய்யும் எமது பங்கு இளைஞர்கள் ஒரு தொகை அனுப்பினர். அதனைக் கொண்டு, நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் தேர்ந்த கலைஞர்களைப் பேசவைத்துப் பதிவு செய்துகொள்ளலாம். மேடையில் நம்மவர் வாயசைத்தால் போதும் என்று பங்குப் பேரவையில் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. பல ஊர்களில் இன்று இவ்வாறே நடக்கிறது. அதனைக் கூறியவர்கள் கலையின் பகைவர் அல்லர். வசனம் மறந்து திகைக்க வேண்டியதில்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் தெளிவாகக் கேட்கும். வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கு இரவெல்லாம் ஒத்திகை பார்க்க நேரமில்லை. இவை யாவும் உண்மையே.

வாத்தியார் நீண்ட உரை ஆற்றவில்லை. அவர் கூறியது இவ்வளவுதான்: "குரல் வெளியிலிருந்து வந்துவிட்டால், பிறகு முகத்தைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பீர்கள். முகத்தைப் பார்க்கத் தொடங்கினால், கொஞ்ச நாளில் தெருவையும் பார்க்கத் தொடங்குவீர்கள்." பேரவையில் எவரும் சற்று நேரம் பேசவில்லை. 1994ஐ நினைவில் வைத்திருந்தவர்கள் அங்கே பலர் இருந்தனர்.

இறுதியில் அத்தொகையைக் கொண்டு நல்ல ஒலிவாங்கிகளை வாங்கினர். குரல் ஊராருடையதாகவே நின்றது. அவ்வாண்டு நாடகம் குறையற்றது என்று கூற மாட்டோம். பிலாத்து ஓரிடத்தில் வசனம் மறந்தார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஒலிவாங்கி இருமுறை இரைந்தது. பதிவு செய்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று மறுநாள் தேநீர்க் கடையில் பேசிக்கொண்டனர்; இன்றும் பேசுகின்றனர். எனினும், இராயப்பர் வேடம் தாங்கிய கொத்தனார் ஒருவர் எம்மிடம் கூறியதையும் சொல்லியாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அவர், நாற்பது வரிகளுக்குமேல் காதால் கேட்டே பாடம் செய்தவர். "அவரை எனக்குத் தெரியாது என்று மூன்று தரம் என் வாயாலேயே சொன்னேன், சார். வீட்டுக்குப் போய்ப் படுத்தும் தூக்கம் வரவில்லை," என்றார் அவர். வாயசைத்திருந்தால் அவர் உறங்கியிருப்பார் என்றே எண்ணுகிறோம்.

சொல்லை ஒருவன் தன் நாவால் சொல்லும்போது அது அவனுக்குள்ளும் வேலை செய்கிறது. இவ்வுண்மையைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் இளமையிலேயே அறிந்திருந்தார். போலந்து நாட்டுக் கிராக்கோவ் நகரம் நாசிகளின் பிடியில் இருந்தபோது, 1941இல் அங்குத் தொடங்கிய ஒரு மறைவு நாடகக் குழுவில் அவர் நடித்தார். இல்லங்களின் அறைகளிலே, மேடை அலங்காரம் ஏதுமின்றி, பேசும் சொல்லையே முதலாகக் கொண்டு அவர்கள் நடித்தனர். அகப்பட்டால் உயிருக்கே கேடு. அவ்விளைஞரே பிற்காலத்தில் 1999ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா நாளன்று கலைஞர்களுக்கு ஒரு மடல் எழுதி, திருச்சபைக்குக் கலை தேவை என்பதை எடுத்துரைத்தார்.

பாட்டு வாத்தியாருக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது; செவிதான் குறைந்து வருகிறது. சுருதி விலகினால் அவருக்கு முன்போல் புலப்படுவதில்லை. செவிலியர் படிப்புப் படிக்கும் கால்வாய்த் தெருப் பெண் ஒருத்தி இப்போது ஞாயிறுதோறும் ஆர்மோனியம் வாசிக்கிறாள். அவர் அருகில் அமர்ந்து, முன்வரிசைப் பாட்டிமார் வாய் அசைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பெண் படிப்பை முடித்து வேலைக்காக வெளியூர் சென்றுவிட்டால் அடுத்தவர் யார் என்பதற்கு அவரிடம் விடை இல்லை, பங்கிலும் இல்லை. இவ்வளவு காலமும் அவர் பெற்றது, திருவிழாவன்று ஒரு வேட்டியும் துண்டும்தான். ஆர்மோனியத்துக்குச் சுரக்கட்டை மாற்றுவது அவருடைய ஓய்வூதியத்திலிருந்தே. இதனைக் குறையாக அவர் ஒருபோதும் கூறியதில்லை. வேலிக்கு இப்பாலிருந்து கண்டதையே நாம் கூறுகிறோம்.

வாசக அன்பர்களே, உங்கள் பங்கிலும் இத்தகையவர் ஒருவர் இருப்பார். அவருக்காக மூன்று காரியங்கள் செய்யலாம் என்று எமக்குத் தோன்றுகிறது. முதலாவது, அவரிடம் பயில உங்கள் பிள்ளைகளுள் ஒருவரையேனும் அனுப்புங்கள். மேடையேறிப் பெயர் பெறுவதற்காக அன்று. ஒரு பாடலைப் பத்துப் பேரும் பாடும்படி எடுப்பது எப்படி என்று கற்றுக்கொள்வதற்காக. இரண்டாவது, அவருடைய நோட்டுகளைக் காப்பாற்றுங்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் முயன்றதால்தான், மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்கரின் மூவிராசாக்கள் நாடகம் போன்றவை ஏட்டுப்படிகளிலிருந்து அச்சேறி இன்று நம் கைக்குக் கிடைக்கின்றன. நம் ஊர்களில் எத்தனை நோட்டுகள் பரணிலே செல்லுக்கு இரையாகின்றனவோ! கைப்பேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வைக்க ஒரு மாலைப்பொழுது போதும். மூன்றாவது, பங்கின் ஆண்டுக் கணக்கில் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் ஒதுக்கும்போது, கற்பிப்பவருக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். அவர் வேண்டா என்பார், என்றாலும் ஒதுக்குங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உடனே வீட்டுக்கு விரையாமல், ஆர்மோனியத்தை மூடித் துணி போர்த்திக்கொண்டிருக்கும் அம்மனிதரிடம் செல்லுங்கள். இன்று எந்தப் பாடல் மக்களுக்குக் கடினமாயிருந்தது என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் நின்று அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.